லெபோ பந்தாயிலிருந்து ஒரு பட்டியல் வரை: வங்கிகளின் அமைப்புசார் இடரை அளப்பது பற்றிய நிகழ்வு ஆய்வு

2020 பிப்ரவரியில் மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா மலேசியா ஒரு கொள்கை ஆவணத்தை வெளியிட்டு, அதனுடன் மூன்று வங்கிக் குழுமங்களின் பெயர்களையும் அறிவித்தது. மேபேங்க், சிஐஎம்பி, பப்ளிக் பேங்க் ஆகிய மூன்றும் உள்நாட்டு நிதி அமைப்புக்கு இன்றியமையாதவை என்று அது வகைப்படுத்தியது. மற்ற வங்கிகளுக்கு விதிக்கப்பட்ட மூலதனத்துக்கு மேல், முதல் இரண்டும் தங்கள் இடர்நிறை சொத்தில் (இடருக்கேற்ப எடைபோட்டுக் கூட்டிய சொத்தில்) 1 விழுக்காடும், மூன்றாவது 0.5 விழுக்காடும் கூடுதலாக வைத்திருக்க வேண்டும் என்று பணித்தது. விதி 2021 ஜனவரி 31 முதல் நடைமுறைக்கு வந்தது.

இந்த ஆய்வு அப்பட்டியலின் நடுப்பெயரான சிஐஎம்பியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதன் இன்றைய நிதிநிலை எனக்குப் பொருளல்ல. ஒரு வங்கி எப்படி, எந்தக் கட்டத்தில், அமைப்பையே ஆட்டக்கூடியதாகிறது என்பதையும், அந்தக் கட்டத்தை நாம் இன்று கையில் வைத்திருக்கும் அளவுகோல்கள் காட்டியிருக்குமா என்பதையும் அதன் கொடிவழியில் பார்க்க முடிகிறது. அக்கொடிவழியின் இரண்டு கிளைகள் பினாங்கு ஜார்ஜ் டவுனில் வேர்விட்டவை. ஒரு கிளை தமிழர்களுடையது.

கொடிவழி

சார்ட்டர்ட் வங்கி 1875இலும் ஹாங்காங் ஷாங்காய் வங்கி 1884இலும் பினாங்கில் கிளை திறந்தன. ஜார்ஜ் டவுனின் வங்கித் தெருவான லெபோ பந்தாயில் வெள்ளைக்காரர்களின் வங்கிகள் ஏற்றுமதி வணிகர்களுக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், சில தெருக்கள் தள்ளி லெபோ பினாங்கின் கிட்டங்கிகளில் (பல நிறுவனங்கள் ஒன்றாக இயங்கிய மனைகளில்) நகரத்தார் எனப்படும் செட்டியார்கள் பெட்டியடியில் அமர்ந்து கடைக்காரருக்கும் தோட்டக்காரருக்கும் கடன் கொடுத்தார்கள். அவர்களுக்குள்ளும் ஒரு வங்கியிடைச் சந்தை இருந்தது. ஒரு விலாசத்தின் (குடும்ப நிறுவனத்தின்) உபரிப் பணம் இன்னொரு விலாசத்துக்கு நடப்பாகவும் (கேட்டபோது திருப்பித் தரும்படி) தவணையாகவும் (குறித்த காலத்துக்கு) போகும். இதே நகரத்தார் ரங்கூனில் மாதந்தோறும் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். தவணை வட்டி அதை ஒட்டியே அமைந்தது. ஒரே ஊர், ஒரே சமூகம், ஒரே வட்டி, ஏறத்தாழ ஒரே பிணை. அமைப்புசார் இடரைப் பற்றிப் பாடம் நடத்த வேறு ஊருக்குப் போக வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 1930இல் கீழ்ப்பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் ஏறத்தாழ 6 விழுக்காடு. நெல் விலை சரிந்து கடனாளிகள் வீழ்ந்தபின், 1938 வாக்கில் அது 25 விழுக்காட்டை எட்டியது. நிலத்தை வளைத்துப்போட்டார்கள் என்று பிற்காலத்தில் ஏசப்பட்டாலும், கணக்குப் புத்தகத்தில் அது வேறொன்றைச் சொல்கிறது: எல்லோருடைய கடனும் ஒரே வேளையில் வாராக்கடனாகி, எல்லோருடைய பணமும் விற்க முடியாத வயலாக உறைந்துவிட்டது.

1937இல் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் ஒரே நாளில் திறக்கப்பட்ட அவ்வங்கி விரைவிலேயே பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் வந்தது. 1969 ஜூலையில் இந்தியா 14 வங்கிகளை அரசுடைமையாக்கியபோது இதுவும் அரசின் கைக்குப் போனது. அயல்நாட்டு அரசுக்குச் சொந்தமான வங்கிகளை மலேசியச் சட்டம் ஏற்காததால், இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, யுனைடெட் கமர்ஷியல் வங்கி ஆகியவற்றின் மலேசியக் கிளைகள் 1973இல் யுனைடெட் ஏஷியன் வங்கியாக இணைக்கப்பட்டன. 1980களின் நடுவில் அவ்வங்கி தள்ளாடியபோது பேங்க் நெகாரா மூலதனம் கொடுத்துத் தாங்கியது. 1991இல் அது பேங்க் ஆஃப் காமர்ஸுடன் இணைந்தது.

அடுத்த இணைப்பு 1999இல் பேங்க் பூமிபுத்ராவுடன் நடந்தது. 1983இல் அதன் ஹாங்காங் துணை நிறுவனம் சொத்து வணிகத்தில் இருந்த காரியான் குழுமத்துக்குக் கொடுத்த கடன்களால் ஏறத்தாழ 250 கோடி வெள்ளி (மலேசிய ரிங்கிட்) இழந்து, மறு ஆண்டு அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் கைகொடுத்ததால் பிழைத்த வங்கி அது. அதன்பின் 2006இல் சதர்ன் வங்கி வந்து சேர்ந்தது. 1963இல் பினாங்கில் தொடங்கப்பட்ட அந்த வங்கி, 1935இல் இயப் சோர் ஈ ஜார்ஜ் டவுனில் நிறுவிய பான் ஹின் லீ வங்கியை 2000இல் தன்னுள் சேர்த்துக்கொண்டிருந்தது. இந்த ஓடைகள் எல்லாம் கலந்த பிறகே சிஐஎம்பி வங்கி என்ற பெயர் 2006இல் வழக்குக்கு வந்தது.

வரிசையாக நின்ற கட்டம்

கொடிவழியில் இடம்பெறாத ஒரு நிகழ்வை இங்கே இடையில் வைக்க வேண்டியிருக்கிறது. அளவீட்டைப் பற்றி அது சொல்வது மற்ற எல்லாவற்றையும்விட அதிகம்.

1986 ஜூலையில் கோசாத்து எனப்பட்ட கூட்டுறவுச் சங்கம் வைப்பாளர்களுக்குப் பணம் கொடுக்க முடியாமல் நின்றது. அச்சம் மற்றச் சங்கங்களுக்குத் தொற்றியது. ஆகஸ்டில் மேலும் 23 சங்கங்களின் செயல்பாட்டைப் பேங்க் நெகாரா முடக்கியது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் சேமிப்பு, ஏறத்தாழ 150 கோடி வெள்ளி, அவற்றுக்குள் சிக்கிக்கொண்டது. வங்கி அமைப்பு முழுவதையும் வைத்துப் பார்த்தால் 150 கோடி பெரிய தொகை அல்ல. அச்சங்கங்கள் வங்கிகளே அல்ல. அவற்றை மேற்பார்த்தது பேங்க் நெகாராவும் அல்ல, கூட்டுறவுத் துறை. எந்த வங்கியின் நிதிநிலை அறிக்கையை விரித்தாலும் இந்த ஆபத்து அதில் ஒரு வரியாகக்கூட இருந்திருக்காது. ஆயினும், தலையிடாமல் இருந்தால் வரிசை வங்கி வாசல்களுக்கும் வந்துவிடும் என்ற அச்சத்தில் அவசரகால விதிகளைக் கொண்டு மத்திய வங்கி தலையிட்டது. வைப்பாளர்களுக்கு முழுத் தொகையையும் படிப்படியாகத் திருப்பித் தரும் ஏற்பாட்டுக்கு வெகுநாள் பிடித்தது.

அந்த ஆண்டுகளில் ஜார்ஜ் டவுன் வங்கிக் கிளை ஒன்றின் முகப்பில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், அந்த வாரங்களில் தன் முன்னால் வந்து நின்றவர்களில் பெரும்பாலோருக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு காசும் இல்லை என்று என்னிடம் சொன்னார். பக்கத்து வீட்டார் இழந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு, தங்கள் வங்கிப் புத்தகத்தில் தொகையைச் சரிபார்க்க மட்டும் வந்தவர்கள் அவர்கள். சரிபார்த்தவர்களில் சிலர் பணத்தையும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருவருடைய நினைவு சான்றாகாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் தொற்று எந்த வழியாகப் போகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வரைபடத்திலும் நான் பார்த்ததில்லை. சங்கத்துக்கும் வங்கிக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் எதுவும் இருந்திருக்கவில்லை. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது, இரண்டிலும் பணம் போட்ட ஒரே தெரு.

அளவுகோல்கள் எதைப் பார்க்கின்றன

இன்று மேற்பார்வையாளர்கள் பயன்படுத்தும் அளவுகோல்களை இரண்டு குடும்பங்களாகப் பிரிக்கலாம்.

முதல் குடும்பம் குறியீட்டுப் பட்டியல். 2011இல் வங்கி மேற்பார்வைக்கான பன்னாட்டுக் குழுவான பாசல் குழு உலகளாவிய பெருவங்கிகளுக்கு வகுத்த முறையில் அளவு, எல்லை தாண்டிய செயல்பாடு, பிற நிதி நிறுவனங்களுடனான பிணைப்பு, மாற்றில்லாமை, சிக்கல்தன்மை ஆகிய ஐந்து கூறுகளுக்கும் தலா 20 விழுக்காடு எடை கொடுக்கப்பட்டது. மறு ஆண்டு அதே குழு, உள்நாட்டு அளவிலான வங்கிகளுக்கு ஒவ்வொரு நாடும் தன் நிலைமைக்கேற்ப முறை வகுத்துக்கொள்ளும்படி கொள்கைகளை மட்டும் தந்தது. மலேசியாவின் 2020 பட்டியல் அந்த வழியில் வந்தது. இந்தக் குடும்பத்தைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது: ஒரு வங்கி விழுந்தால் மற்றவர்களுக்கு எவ்வளவு சேதம் என்பதையே இது அளக்கிறது, விழும் வாய்ப்பு எவ்வளவு என்பதை அளப்பதாக இது சொல்லிக்கொள்வதே இல்லை. பட்டியலில் பெயர் வந்ததை அந்த வங்கி ஆபத்தில் இருப்பதாகப் புரிந்துகொள்வதும், வராததைப் பாதுகாப்புச் சான்றிதழாகக் கொள்வதும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

இரண்டாம் குடும்பம் சந்தை விலையிலிருந்து பிறக்கிறது. டோபியஸ் ஆட்ரியனும் மார்க்கஸ் புரூனர்மையரும் முன்வைத்த ‘கோவார்’ ஒரு வங்கி நெருக்கடியில் இருக்கும்போது அமைப்பு முழுவதும் எவ்வளவு இழக்கக்கூடும் என்று கேட்கிறது. ஆச்சார்யாவும் அவருடைய கூட்டாளிகளும் வகுத்த முறை கேள்வியைத் திருப்பிப் போட்டு, சந்தை மிக மோசமாக இருக்கும் நாள்களில் இந்த வங்கியின் பங்கு எவ்வளவு விழுகிறது என்று பார்க்கிறது. பிரவுன்லீஸும் எங்கிளும் அதை வளர்த்தெடுத்த ‘எஸ்ரிஸ்க்’, சந்தை ஆறு மாதத்தில் 40 விழுக்காடு சரிந்தால் இந்த வங்கிக்கு எவ்வளவு மூலதனம் குறையும் என்று ஒரே தொகையாகச் சொல்கிறது. கேட்பதற்கு எளிமையாக இருப்பதால் செய்தித்தாள்கள் விரும்புவதும் இதைத்தான்.

எஸ்ரிஸ்கை ஒரு கற்பனை வங்கியை வைத்துச் செய்து பார்க்கலாம். அதன் பொறுப்புகள் 900 கோடி வெள்ளி, பங்குகளின் சந்தை மதிப்பு 100 கோடி. மொத்தச் சொத்தில் 8 விழுக்காடு மூலதனமாக இருக்க வேண்டும் என்று கொள்வோம். சந்தைச் சரிவில் இவ்வங்கியின் பங்கு பாதியாகிவிடும் என்று வைத்தால், கையில் 50 கோடி. தேவை 950இல் 8 விழுக்காடு, அதாவது 76 கோடி. குறைவு 26 கோடி. பங்கு 20 விழுக்காடு மட்டும் விழும் என்று வைத்தால், கையில் 80 கோடி, தேவை 78.4 கோடி, வங்கிக்கு 1.6 கோடி உபரி. சொத்தும் கடனும் துளியும் மாறவில்லை. சரிவின்போது பங்கு எவ்வளவு விழும் என்ற ஒரே ஊகம் மாறியதும், ஆபத்தான வங்கி பத்திரமான வங்கியாகிவிட்டது. அந்த ஊகமோ கடந்த சில ஆண்டுகளின் விலை ஏற்ற இறக்கத்திலிருந்து வருவது. சந்தை அமைதியாக இருக்கும் ஆண்டுகளில், அதாவது கடன் பெருகி ஆபத்து சேர்ந்துகொண்டிருக்கும் ஆண்டுகளில், அளவுகோல் தணிந்தே காட்டும்.

இதை நம் கொடிவழியில் வைத்துப் பார்த்தால் இன்னொரு குறையும் தென்படுகிறது. பேங்க் பூமிபுத்ரா பங்குச்சந்தையில் இல்லாத அரசு வங்கி. கோசாத்துவுக்குப் பங்கு விலை என்ற பேச்சே இல்லை. 1980களின் மலேசியாவை உலுக்கிய நிகழ்வுகளில் இரண்டாம் குடும்பத்தின் அளவுகோலை வைத்துப் பார்க்கவே இடம் இல்லை. பட்டியலிடப்பட்ட வங்கிகளிலும் ஊழியர் சேமநிதி, அமானா சஹாம் பூமிபுத்ரா போன்ற பெரும் நிதிகள் பெரும்பங்கு வைத்திருக்கும் நாட்டில், அன்றாடம் கைமாறும் சிறு பகுதியின் விலை வங்கியின் முழு நிலையையும் சொல்லுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

1997

1997 பிப்ரவரியில் கோலாலம்பூர் பங்குச்சந்தைக் குறியீடு 1,271 புள்ளியைத் தொட்டது. 1998 செப்டம்பர் 1ஆம் தேதி 262இல் நின்றது. ஏறத்தாழ 79 விழுக்காடு சரிவு. எஸ்ரிஸ்கின் வழக்கமான 40 விழுக்காட்டுக் காட்சியை இந்த ஊர் ஒருமுறை பார்த்து, அதைத் தாண்டியும் போயிருக்கிறது. 1998 ஜனவரியில் ஒரு டாலருக்கு 4.88 வரை வெள்ளியின் மதிப்பு தாழ்ந்தது. செப்டம்பரில் அது 3.80இல் நிறுத்தி வைக்கப்பட்டது.

இந்தச் சரிவின் வேர் எந்தத் தனி வங்கியிலும் இல்லை. எல்லாருமே பங்குகளையும் கடைவீடுகளையும் அடமானம் வாங்கிக் கடன் கொடுத்திருந்தார்கள். பேங்க் நெகாராவுக்கு இது தெரியாமலும் இல்லை. 1997 மார்ச்சிலேயே, தாய்லாந்தின் நாணயமான பாட்டின் மதிப்பு சந்தையில் மிதக்க விடப்படுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னால், சொத்துத் துறைக் கடன் மொத்தக் கடனில் 20 விழுக்காட்டையும், வணிக வங்கிகளின் பங்கு வாங்கும் கடன் 15 விழுக்காட்டையும் தாண்டக்கூடாது என்று அது வரம்பு விதித்தது. அமைப்புசார் இடரை அளக்க அன்று யாரிடமும் நுணுக்கமான சூத்திரம் இல்லை. இருந்தும், எல்லோரும் ஒரே கூடையில் முட்டை வைக்கிறார்கள் என்பதைத் துறைவாரிக் கூட்டல் காட்டிக்கொடுத்தது. காலம்தான் தாழ்ந்துவிட்டது. ஏற்கெனவே கொடுத்த கடனை வரம்பால் திரும்ப வாங்க முடியாது.

பொதுப்பிணையின் வேலையைச் சிறு கணக்கில் காட்டலாம். லெபோ பந்தாயில் அ, ஆ என இரண்டு வங்கிகள்; ஒவ்வொன்றுக்கும் 100 கோடி சொத்து, அதில் 60 கோடி கடைவீட்டுக் கடன். ஆவின் மூலதனம் 9 கோடி. அ, ஆவுக்கு 5 கோடி தர வேண்டும். அ விழுந்து, அதில் 40 விழுக்காடு மட்டுமே மீளக் கிடைக்கிறது என்றால் ஆவுக்கு இழப்பு 3 கோடி. மூலதனம் 6 கோடியாகக் குறைந்தாலும் ஆ நிற்கும். வங்கியிடைக் கடன்களை மட்டும் வலையாக வரைந்து பார்ப்பவர் இத்துடன் தொற்று இல்லை என்று எழுதிவிடுவார். ஆனால் அ தன் அடமானக் கடைவீடுகளை ஏலத்தில் விடுகிறது. தெருவில் விலை இறங்குகிறது. ஆவின் 60 கோடியில் 10 விழுக்காடு வாராக்கடனாகிறது. இழப்பு 6 கோடி. மூன்றும் ஆறும் ஒன்பது. தனித்தனியாக எந்த இழப்பும் ஆவைச் சாய்த்திருக்காது.

1997இன் கடைசியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் மக்கள் சிறிய நிதி நிறுவனங்களிலிருந்து பணத்தை எடுத்துப் பெரிய வங்கிகளிலும் வெளிநாட்டு வங்கிகளிலும் போட்டார்கள். 1998 ஜனவரியில் அரசு எல்லா வைப்புகளுக்கும் உத்தரவாதம் அளிக்க வேண்டியதாயிற்று. பின்னர் வங்கிகளுக்கு மூலதனம் தர அரசு அமைத்த டனமோடல் 10 நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 759 கோடி வெள்ளி மூலதனம் போட்டது. வாராக்கடன்களை வாங்கி நிர்வகிக்க அரசு அமைத்த டனஹர்த்தா ஏறத்தாழ 4,770 கோடி வெள்ளி வாராக்கடனைக் கையாண்டு, அதில் பாதிக்கு மேல் மீட்டு, 2005இல் கடையைக் கட்டியது. ஒரு நெருக்கடியின் அமைப்புசார் அளவு என்று பொறுப்புடன் எழுதத்தக்க எண்கள் இவையே. ஆனால் இவை எல்லாம் முடிந்தபின் கிடைத்த எண்கள்.

இணைப்பின் விலை

நெருக்கடியிலிருந்து மேற்பார்வையாளர்கள் எடுத்த முடிவு, சிறியவை பலவீனமானவை என்பது. 1999 ஜூலையில் ஆறு நங்கூர வங்கிகள் என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதால், 2000 பிப்ரவரியில் எண்ணிக்கையைப் பத்தாக்கினார்கள். 54 உள்நாட்டு நிறுவனங்கள் அந்தப் பத்தின் கீழ் ஒதுங்க வேண்டியிருந்தது. பான் ஹின் லீ சதர்னுக்குள் போனது இந்தத் திட்டத்தில்தான். பத்தில் சதர்ன் 2006இலும் ஈயான் 2011இலும் மறைந்து எட்டானது. பினாங்கில் தொடங்கப்பட்டு இரண்டு தலைமுறை நடந்த பெயர்கள் ஐந்தாறு ஆண்டுகளுக்குள் பலகையிலிருந்து இறங்கின.

இதில் குறை காண்பது எளிது. மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சிறு நிதி நிறுவனங்களை 1998இல் இருந்தபடியே விட்டிருந்தால் அடுத்த அலையில் பல மூழ்கியிருக்கும். இணைந்த வங்கிகள் 2008ஐப் பெரிய காயம் இல்லாமல் கடந்தன. ஆனால் அளவீட்டின் பார்வையில் நடந்தது என்னவென்றால், சிறியவை பல ஒன்றாக விழும் இடர், பெரியது ஒன்று தனியாக விழும் இடராக உருமாற்றப்பட்டது. 2020 பட்டியல் அந்த உருமாற்றத்துக்கு இருபது ஆண்டுகள் கழித்து வந்த ரசீது. முதலாவது வகை இடரைப் பட்டியல் பார்ப்பதில்லை, ஏனெனில் அது வங்கிகளை ஒவ்வொன்றாக நிறுத்தி எடை போடுகிறது. 1986இலும் 1997இலும் நம்மைத் தாக்கியது அந்த முதலாவது வகைதான்.

அமெரிக்காவில் 2023 மார்ச்சில் நடந்ததும் இதை ஒட்டியதே. ஏறத்தாழ 20,900 கோடி டாலர் சொத்துடைய சிலிக்கான் வேலி வங்கி உலகப் பெருவங்கிகளின் பட்டியலில் இல்லை. மார்ச் 9 ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியேறியது. மறுநாள் வங்கி மூடப்பட்டது. 12ஆம் தேதி அமெரிக்க அதிகாரிகள் அமைப்புசார் இடர் என்ற விதிவிலக்கைப் பயன்படுத்தி, காப்புறுதி வரம்புக்கு மேலான வைப்புகளுக்கும் பொறுப்பேற்றார்கள். வெள்ளிக்கிழமை விழுந்தபோது பட்டியலில் இல்லாதது, ஞாயிற்றுக்கிழமைக்குள் அமைப்புக்கு இன்றியமையாததாகிவிட்டது. வைப்பாளர்கள் பெரும்பாலும் ஒரே தொழிலினர், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்பவர்கள். நகரத்தார் கிட்டங்கியில் உட்கார்ந்த எந்த மேலாளும் இந்த விவரத்தைக் கடன் புத்தகத்துக்கு முன்னால் கேட்டிருப்பார்.

என் கருத்தில் பட்டியலை நீக்க வேண்டியதில்லை. அதன் பக்கத்தில் இன்னும் மூன்று கட்டங்கள் வேண்டும். ஒன்று, எல்லா வங்கிகளின் கடனையும் பிணை வாரியாகவும் வட்டாரம் வாரியாகவும் கூட்டிய தொகை: பினாங்குத் தீவின் அடுக்குமாடி வீடுகள் மட்டும் எத்தனை வங்கிகளின் மூலதனத்தைச் சுமக்கின்றன என்பது வங்கிவாரி அறிக்கையில் தெரியாது. இரண்டு, வைப்பாளர் ஒற்றுமை: காப்புறுதி வரம்புக்கு மேலான வைப்பில் எவ்வளவு ஒரே தொழிலிலிருந்தோ ஒரே குழுமத்திலிருந்தோ வந்தது. மூன்று, மேற்பார்வைக்கு வெளியே வைப்புப்போலப் பணம் வாங்குவோரின் மொத்தம். 1986இல் காலியாக இருந்த கட்டம் இது. 2009ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம் வங்கி அல்லாதோரிடமிருந்தும் நிதி நிலைத்தன்மைக்காகத் தகவல் கேட்க இடம் தருவதால், மூன்றாவதற்குச் சட்டத் தடை இல்லை.

2022இல் ஐந்து மின்னிலக்க வங்கிகளுக்கு உரிமம் வழங்கப்பட்டபோது, தொடக்கக் கட்டத்தில் ஒவ்வொன்றின் சொத்தும் 300 கோடி வெள்ளியைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைக்கப்பட்டது. மலேசிய வைப்புக் காப்புறுதிக் கழகமான பிஐடிஎம் தரும் காப்புறுதி அவற்றின் வைப்பாளர்களுக்கும் 2,50,000 வெள்ளி வரை உண்டு. 1986இல் யாருக்கும் இல்லாத பாதுகாப்பு அது. ஆனாலும் இடருக்கு வரம்பு போட மீண்டும் எடுக்கப்பட்ட கோல் அளவுதான். அன்று 24 சங்கங்களிலும் சேர்த்துச் சிக்கிய தொகை, விலைவாசி உயர்வைக் கணக்கில் கொள்ளாமல் பார்த்தால், இந்த ஒரு வங்கிக்கான வரம்பில் பாதி.